பள்ளி வேன் செயலி: முன்னே ஓடிய வண்டிகளையும் குறிப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி வேன்களில் காலியாக இருக்கும் இருக்கைகளைப் பெற்றோர் கைப்பேசி வழியாகத் தேடிப் பதிவு செய்துகொள்ள உதவும் ஒரு செயலியைப் பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் ஒரு செய்தி வெளிவந்தது. கோலாலம்பூரில் நடந்த விழாவொன்றில் அச்செயலியை நடத்தும் நிறுவனம் விருது பெற்றதையும், தமிழ்ப்பள்ளி மாணவர்களை மனத்தில் வைத்து இத்தகைய சேவை நாட்டிலேயே முதன்முறையாகத் தொடங்கப்பட்டிருப்பதையும் அச்செய்தி பாராட்டியிருந்தது. விருதைப் பற்றி எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. நாட்டிலேயே முதன்முறை என்ற தகவல் மட்டும் உண்மைக்குப் புறம்பானது. 2018 முதல் 2020 வரை பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் இதே சேவையை நானும் என் நண்பர்கள் இருவரும் நடத்தினோம். அதற்கென ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்திருந்தோம். வேன்கள் ஓடின, பிள்ளைகள் ஏறி இறங்கினார்கள், பெற்றோர் பணம் கட்டி ரசீது பெற்றார்கள்.

எங்கள் சேவை எதற்காகத் தோன்றியது என்பதை இந்நாட்டு வாசகர்களுக்கு நீட்டி விளக்கத் தேவையில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்துக் குடியிருப்புப் பகுதிகளான தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகும், தமிழ்ப்பள்ளிகள் பல இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பெருநிலப் பகுதியில் உள்ளவற்றை எடுத்துக்கொண்டால், வேன் கிடைக்காவிட்டால் பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பவே முடியாது என்ற நிலையில் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. தந்தைக்குப் பிறைத் தொழிற்பேட்டையில் இரவு வேலை. தாயோ பாயான் லெப்பாஸுக்குச் செல்லும் தொழிற்சாலைப் பேருந்தைப் பிடிக்க விடியுமுன்னே புறப்பட்டுவிடுவார். அந்தத் தாய் தமக்குத் தெரிந்த ஒரு வேன் ஓட்டுநரைக் கேட்பார். இடமில்லை என்று பதில் வரும். அதே சாலையில் இன்னொரு வேன் இரண்டு மூன்று இருக்கைகள் காலியாகப் போய்க்கொண்டிருக்கும். இவருக்கு அவரைத் தெரியாது, அவருக்கு இவரைத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்புவதே எங்கள் முதல் வேலை.

காலி இருக்கையைக் காட்டுவது எவருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான் என்பதை நானே ஒப்புக்கொள்வேன். ஆனால் சேவையை நடத்தத் தொடங்கிய பிறகுதான் உண்மையான சிக்கல்கள் தெரியவந்தன. விடியற்காலையில் முதலில் ஏறும் பிள்ளை மதியத்தில் கடைசியாக இறங்குவது வேன்களின் வழக்கம். போன வழியே வண்டி திரும்பி வருவதால் அப்படி ஆகிறது. ஆகவே, மிகத் தொலைவில் வசிக்கும் பிள்ளை காலையிலும் மற்ற எல்லாரையும்விட நேரம் கூடுதலாக வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும், மதியத்திலும் அப்படியே. அத்தகைய வீட்டுப் பெற்றோர்தாம் ஓராண்டு பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிள்ளையைப் பக்கத்திலுள்ள மலாய்வழித் தேசியப் பள்ளிக்கு மாற்றிவிடுகிறார்கள். மதியத்தில் வண்டியை நேராகக் கடைக்கோடிக்கு ஓட்டிச் சென்று, திரும்பும் வழியில் மற்றவர்களை இறக்கினால் என்ன என்று எங்களிடம் சொன்னவர், சுங்கை பாக்காப் பக்கம் நெடுங்காலமாகப் பள்ளி வேன் ஓட்டிவந்த ஒரு பெரியவர். இரண்டாம் நடைக்கு எப்படியும் பள்ளிக்குத் திரும்ப வேண்டிய வண்டிக்கு இதனால் எண்ணெய்ச் செலவும் கூடவில்லை. இந்த முறையை நாங்கள் செயலியில் அமைத்தபோது, எங்கள் விளக்கப் பக்கங்களிலும் மானிய விண்ணப்பங்களிலும் அவருடைய பெயரைக் குறிப்பிட்டே எழுதினோம்.

மற்றொன்று வேன் காசு. ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளை போகாத மாதத்துக்கு எதற்குக் காசு என்று பெற்றோர் கேட்பதும், வண்டியின் மாதத் தவணையை வங்கி விடுமுறையிலும் கேட்கிறதே என்று ஓட்டுநர் சொல்வதும் ஆண்டுதோறும் நடக்கும் சச்சரவு. பள்ளி நடக்கும் நாள்களுக்கு மட்டும் முழு ஆண்டுக் கட்டணத்தைக் கணக்கிட்டு, அதைப் பன்னிரண்டு சம தவணைகளாகப் பிரித்துவிட்டோம். கேட்பதற்கு எளிமையாக இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஓட்டுநர்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எங்கள் நிறுவனம் மூடப்பட்டதற்கு யார்மீதும் நான் பழி சுமத்தவில்லை. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் அடைக்கப்பட்டதும், வேன்கள் வீட்டு வாசலில் நின்றுவிட்டன. ஆண்டின் நடுவில் படிப்படியாகத் திறந்த பள்ளிகள் நவம்பரில் மறுபடியும் மூடப்பட்டன. ஓடாத வேனுக்கு யாரும் காசு கட்டமாட்டார்கள். கட்டச் சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை. இருந்த பணத்தில் கடன்களை அடைத்துவிட்டு, 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 550ஆம் பிரிவின்கீழ் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்க விண்ணப்பித்தோம். இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன்.

மூடப்படுவதற்கு முந்திய ஆண்டில், இளம் தொழில்முனைவருக்கான போட்டியொன்றின் இறுதிச் சுற்றுக்குச் சென்றிருந்தோம். அங்கே நடுவர்களில் ஒருவராக அமர்ந்திருந்தவர் எங்களை மிகவும் பாராட்டி, பின்னர் பங்சாரில் ஒரு காப்பிக் கடைக்கு அழைத்து, வழித்தட அட்டவணையையும் கட்டணக் கணக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டார். முதலீடு செய்யக்கூடியவர் விவரம் கேட்பது இயல்பே. சில ஆண்டுகளுக்குப் பிறகு அவர் பங்குதாரராக இருக்கும் நிறுவனத்திலிருந்து வெளிவந்ததே இப்போது விருது பெற்றுள்ள செயலி. கடைக்கோடிப் பிள்ளையை முதலில் இறக்கும் முறையும் அதில் இருக்கிறது. பன்னிரண்டு சம தவணையும் இருக்கிறது. அவர்களுடைய விளம்பரத்தில் இவ்விரண்டும் 'எங்கள் குழுவின் கண்டுபிடிப்புகள்' என்று கொட்டை எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கின்றன. நான் மின்னஞ்சலில் இதைச் சுட்டிக்காட்டியபோது, யோசனை யாருக்கும் வரும், செய்து காட்டுவதுதான் பெரிது என்ற பொருள்பட இரண்டு வரிப் பதில் வந்தது. பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. என் நோக்கம் அதுவன்று.

என் நோக்கமெல்லாம் அந்த இரண்டு வரிப் பதிலைப் பற்றியதுதான். ஏனென்றால் இந்நாட்டில் தொழில் தொடங்கித் தோற்ற இளைஞர்கள் எல்லாருமே எப்போதாவது ஒருமுறை இதே பதிலைக் கேட்டிருப்பார்கள். செய்து காட்டுவதுதான் பெரிது என்றால், நாங்கள் செய்து காட்டவில்லையா? வேன்கள் உண்மையில் ஓடவில்லையா? ஒரு நிறுவனம் நிலைத்து நின்றுவிட்டால், அது செய்ததெல்லாம் 'செயல்' என்று மதிக்கப்படுகிறது. மூடப்பட்டுவிட்டால், ஓட்டுநர்களோடு பேசிப் பேசித் தொண்டை வற்றியதும், விடியற்காலை ஐந்து மணிக்குத் தாமான் தாமானாகச் சுற்றி வழித்தடம் வரைந்ததும் 'வெறும் யோசனை' என்று சுருக்கப்பட்டுவிடுகின்றன. யோசனைக்கு உரிமையாளர் கிடையாது என்ற உண்மையைச் சொல்லி, உழைப்புக்கும் உரிமையாளர் கிடையாது என்று நடந்துகொள்வது என்ன நியாயம்?

சட்டம் தெரியாமல் எழுதுகிறேன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 7(2ஏ), பதிப்புரிமை எந்த யோசனைக்கும், வழிமுறைக்கும், செயல்முறைக்கும், கணிதக் கருத்துக்கும் பொருந்தாது என்று தெளிவாகக் கூறுகிறது. 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவோ, வணிகம் செய்வதற்கான திட்டங்களையும் விதிகளையும் முறைகளையும் காப்புரிமை பெறத் தகாதவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது. வழித்தட முறையும் தவணைக் கணக்கும் இந்தப் பட்டியலுக்குள்தான் விழும். எஞ்சியிருப்பது இரகசியத் தகவலைத் தவறாகப் பயன்படுத்தியதற்கான வழக்கு. தகவல் இரகசியத் தன்மை உடையதாக இருக்க வேண்டும், இரகசியம் காக்கும் கடமை எழக்கூடிய சூழ்நிலையில் அது தரப்பட்டிருக்க வேண்டும், தந்தவரின் அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று மூன்றையும் நீதிமன்றம் பார்க்கும். நாங்கள் கலந்துகொண்ட போட்டியின் விதிமுறைகளிலோ, பங்கேற்பாளர் ஒப்படைக்கும் எதுவும் இரகசியமாகக் கருதப்பட மாட்டாது என்று எழுதியிருந்தது; அதில் கையெழுத்திடாமல் மேடையேற வழியே இல்லை. இரண்டாம் நிபந்தனை அந்தக் கையெழுத்தோடு போய்விட்டது என்பதே நான் கேட்டறிந்த சட்ட ஆலோசனை.

யோசனைகளுக்கு வேலி போடாத இந்தச் சட்டம் சரியானது என்றுதான் நானும் கருதுகிறேன். கைப்பேசியில் வாடகை வண்டி அழைக்கும் யோசனை அமெரிக்காவில் ஒருவருக்குச் சொந்தம் என்றிருந்தால், 2012 ஜூன் மாதத்தில் கோலாலம்பூரில் மைடெக்சி தொடங்கியிருக்க முடியாது. அதிலிருந்து வளர்ந்த கிராப் என்ற நிறுவனமும் இன்று இருந்திருக்காது. அதன் நிறுவனர்களான ஆண்டனி டானும் டான் ஹூய் லிங்கும் ஹார்வர்டில் படித்தபோது 2011இல் ஒரு தொழில்திட்டப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற திட்டம் அது என்று இன்றுவரை எல்லாரும் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் ஊபர் அதற்கு முன்பே இருந்ததையும் சேர்த்தே எழுதுகிறார்கள். அதனால் கிராப்பின் மதிப்பு ஒரு வெள்ளிகூடக் குறைந்துவிடவில்லை. எங்கள் முறையை இன்னொருவர் எடுத்து நடத்துவதால் கடைக்கோடிப் பிள்ளைகள் ஒரு மணி நேரம் முன்னதாக வீடு திரும்புகிறார்கள் என்றால் அது நல்லதே. எடுத்ததில் குறை சொல்லவில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாததில்தான் குறை.

பணமும் பெயரும் வேறு வேறு என்பதைச் சட்டமே அறிந்திருக்கிறது. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, ஒருவர் தம் படைப்பின் பதிப்புரிமையை முழுவதுமாக விற்றுவிட்ட பிறகும், அப்படைப்போடு தம் பெயர் குறிப்பிடப்படுவதை வலியுறுத்தும் உரிமையை அவரிடமே விட்டுவைக்கிறது. யோசனைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் விற்பதற்கும் வாங்குவதற்கும் அப்பாற்பட்டதாக ஒரு பெயருரிமை உண்டு என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டிருக்கும்போது, விருதுக் குழுவும் நாளிதழும் அதை மரியாதையின் பொருட்டாவது கடைப்பிடிக்கக் கூடாதா?

தமிழருக்கு இது புதிதாகச் சொல்லித்தர வேண்டிய பண்பும் அன்று. சிறப்புப் பாயிரத்தில் சொல்லப்பட வேண்டியவை என நன்னூல் எட்டினை அடுக்குகிறது. முதலில் நிற்பது நூலை ஆக்கியவர் பெயர்; அதற்கு அடுத்தபடியாக நிற்பது 'வழி', அதாவது அந்நூல் எந்த நூலின் வழியாக வந்தது என்பது. நூலின் பெயரும் பயனும்கூட அதற்குப் பிறகுதான் வருகின்றன. வழிநூல் செய்தவர் முதல்நூலை அப்படியே படியெடுத்துத் தருபவர் அல்லர். முன்னோர் நூலின் முடிபுகளை ஏற்று, தாம் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்ப்பவர் என்றே இலக்கணம் அவரை மதிக்கிறது. வழிநூல் என்று சொல்லிக்கொள்வதில் இழிவு இருந்திருந்தால் அதற்கென ஓர் இலக்கணம் எழுந்திருக்காது. பள்ளியில் இதை மனப்பாடம் செய்துவிட்டு, மேடையேறியதும் எல்லாமே நாங்களே முதல் என்று முழங்குவதில் நமக்குக் கூச்சமில்லை.

நாளிதழ்களின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. சிக்கிஞ்சானில் பிறந்து தைவானில் பைசன் நிறுவனத்தைத் தொடங்கிய புவா கெயின் செங்கைப் 'பென் டிரைவைக் கண்டுபிடித்த மலேசியர்' என்று நம் நாட்டு ஏடுகள் எத்தனையோ முறை எழுதியிருக்கின்றன. அவருடைய நிறுவனம் 2001இல் உருவாக்கியது, அச்சாதனத்துக்கான கட்டுப்பாட்டுப் பணிகள் அனைத்தையும் ஒரே சில்லில் அடக்கிய வடிவம். அது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் சிங்கப்பூரின் டிரெக் 2000 நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே அத்தகைய சாதனத்தை விற்கத் தொடங்கியிருந்தது. இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ் 1999இலேயே அமெரிக்காவில் காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. மின்னஞ்சலைக் கண்டுபிடித்த தமிழர் என்று சிவா அய்யாதுரையைக் கொண்டாடும் கட்டுரைகளும் இப்படிப்பட்டவையே. 1978இல், 14 வயதில், அமெரிக்க மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்றுக்காக அவர் எழுதிய நிரலுக்கு 1982இல் பதிப்புரிமைப் பதிவு கிடைத்தது உண்மை. அந்த வயதில் அது வியக்கத்தக்க வேலையும்கூட. ஆனால் பதிப்புரிமை அவர் எழுதிய நிரலுக்குரியது. மின்னஞ்சல் என்ற கருத்துக்குரியது அன்று. ரே டாம்லின்சன் 1971இலேயே ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு வலையமைப்பின் வழியே செய்தி அனுப்பியிருந்தார். ஒரு மலேசியரையும் ஒரு தமிழரையும் பாராட்ட உண்மையே போதுமானதாக இருக்கும்போது, அதற்கு மேல் ஒரு படி ஏற்றி, இன்னொருவரின் இடத்தில் அவர்களை நாம் உட்கார வைத்துவிடுகிறோம். பெருமை என்று எண்ணிச் செய்வதுதான், எங்கோ இருக்கும் யாரோ ஒருவருடைய பெயரை அழிப்பதில் முடிகிறது. இப்போது அந்த யாரோ ஒருவர் பட்டர்வொர்த்தில் இருக்கிறார் என்பது மட்டுமே வேறுபாடு.

ஒப்புக்கொள்வதால் வணிகம் கெட்டுப்போகாது என்பதற்கு அண்மைக் காலத்திலேயே சான்று உண்டு. பார்த்தவுடன் மறைந்துபோகும் படங்களை அனுப்பும் ஸ்னாப்சாட் செயலியின் தொடக்கத்தில் உடனிருந்து வெளியேற்றப்பட்ட ரெஜி பிரவுன் என்பவர் 2013இல் வழக்குத் தொடுத்தார். 2014இல் சமரசம் ஏற்பட்டபோது, அத்தகைய செயலி என்ற எண்ணம் முதலில் அவருக்கே தோன்றியது என்று அந்நிறுவனம் பகிரங்கமாக அறிவித்தது. அவருக்குத் தரப்பட்ட தொகை 157.5 மில்லியன் அமெரிக்க டாலர் என்பது, 2017இல் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது வெளியிட்ட ஆவணத்தில் தெரியவந்தது. இதைச் சொன்னால், உனக்கும் அதைப்போலப் பணம் வேண்டுமா என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். தொகையின் மேல் எனக்குக் கண்ணில்லை. அந்த அறிவிப்பில் இருந்த ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்தான் கண். வழக்கு இல்லாமலேயே அப்படியொரு வாக்கியத்தை எழுதிவிடலாம். அதற்குச் செலவும் இல்லை.

இதெல்லாம் தோற்றவனின் வயிற்றெரிச்சல் என்று சொல்பவர்களும் இருப்பார்கள். எரிச்சல் இருக்கிறது, இல்லை என்று நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் எரிச்சலோடு சொல்லப்பட்டதால் ஒரு தகவல் பொய்யாகிவிடாது. மேலும், என்னைவிட ஒருபடி அதிகமாக மறக்கப்பட்டவர் அந்தச் சுங்கை பாக்காப் பெரியவர். அவருக்குச் செயலியும் தெரியாது, விருது விழாவும் தெரியாது. தாம் சொன்ன வழியில் இன்று வேன்கள் ஓடுகின்றன என்பதையாவது அவர் தெரிந்துகொள்ள வேண்டாமா?

எனவே, இரண்டு கோரிக்கைகள். நம் சமூகத்துக்கென விருதும் போட்டியும் நடத்தும் அமைப்புகள், விண்ணப்பப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும்: இத்துறையில் உங்களுக்கு முன்னர் இந்நாட்டில் யார் என்ன செய்திருக்கிறார்கள், அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது என்ன? பதில் எழுதாதவரைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் பொய்யாக எழுதியவரிடம் விருதைத் திரும்பப் பெறும் உரிமையை அமைப்பு வைத்துக்கொள்ள வேண்டும். அத்தோடு, நடுவராக அமர்பவர் தாம் கேட்ட திட்டங்களோடு போட்டியிடும் தொழிலில் குறிப்பிட்ட காலம்வரை இறங்கமாட்டேன் என்று கையெழுத்திட முன்வர வேண்டும். பங்கேற்பாளரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிக்கொண்டு நடுவரைச் சும்மா விடுவது ஒருதலைப்பட்சமானது. இளைஞர்களும், தாங்கள் எழுதிய நிரலையும் விளக்கப் பக்கங்களையும் மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் சத்தியப் பிரமாணத்தோடு தாமாகவே அறிவித்துப் பதிவு செய்துகொள்ளும் வசதி 2012 முதல் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. யோசனையை அது காக்காது. ஆனால் எந்தத் தேதியில் யார் என்ன எழுதி வைத்திருந்தார் என்பதற்கு நீதிமன்றத்தில் முதற்கட்டச் சான்றாக நிற்கும்.

மற்றது தங்களுக்கு. நாட்டிலேயே முதன்முறை என்ற தகவலை ஒரு நிறுவனம் தரும்போது, தங்கள் நிருபர் நிறுவனப் பதிவேட்டில் ஒருமுறை தேடிப் பார்ப்பதும், சம்பந்தப்பட்ட பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒருவரைக் கேட்பதும் பெரிய வேலையாகாது. எங்கள் நிறுவனத்தின் பதிவுச் சான்றிதழ், 2018ஆம் ஆண்டின் ரசீதுப் புத்தகம், பெரியவரின் பெயரோடு கூடிய விளக்கப் பக்கங்கள், போட்டியின் விதிமுறைகள் ஆகியவற்றின் நகல்களை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன். பெற்றோர் பெயர்களையும் முகவரிகளையும் மட்டும் கறுப்பு மையால் மறைத்திருக்கிறேன். இவற்றைப் பார்வையிட்ட பிறகு, வெளிவந்த செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதில் என் பெயர் இடம்பெறாவிட்டாலும் பரவாயில்லை. செபராங் பிறையில் 2018இலேயே இச்சேவை ஓடியது என்பதும், வழித்தட முறையைச் சொன்னவர் ஒரு வேன் ஓட்டுநர் என்பதும் இடம்பெற வேண்டும்.

இங்ஙனம்,
மூடப்பட்ட நிறுவனம் ஒன்றின் முன்னாள் இயக்குநர்,
பட்டர்வொர்த், பினாங்கு.